ஒரு வரி, இரண்டு சேதி

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஹெச்.ஆர். வேலை பார்த்தபோது, ஆடிட் வருகிறது என்றாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆள், தையல் பெண்களைத் தனித்தனியாக அழைத்துக் கேள்வி கேட்பார். பதில் பிசகினால் ஆர்டர் கைநழுவிப் போகும். அதனால் பதில்களை முன்பே எழுதிக் கொடுத்து ஒப்பிக்கப் பழக்குவோம். எழுதுவது நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

‘நான் விரும்பித்தான் ஓவர்டைம் பார்க்கிறேன்.’ அந்த முறை எழுதிய பதில்களில் இதுவும் ஒன்று. எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒருத்தி மட்டும் பாதியில் நிறுத்தினாள்.

“ஓவர்டைம் பாக்கறனுங்க மேடம், அது நெசந்தானுங்க. விரும்பிங்கறது மட்டும் வேண்டாமுங்க.”

“ஒரே வரிதானுங்களே, அப்படியே சொல்லீருங்க.”

“வரி ஒண்ணுதானுங்க, சேதி ரெண்டு இருக்குதுங்களே. ஏம்மா லேட்டுன்னு எம்மக தெனமும் கேக்கறா. உட மாட்டீங்கறாங்க கண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. இங்க வந்து விரும்பித்தான் இருக்கறேன்னு சொன்னா, அவகிட்டச் சொன்னது பொய்யாயிருமுங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆடிட்டுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, இவள் மகளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறாள். மேசைக்குத் திரும்பி, எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். ஓர் எழுவாய், ஒரு பயனிலை, ஒரு முற்றுப்புள்ளி. பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இவள் வேலை செய்கிறாள் என்பது ஒரு கூற்று, அது இவள் விருப்பம் என்பது இன்னொன்று. முதலாவது மெய். அதற்குத் தலையாட்டும்போதே மற்றதற்கும் சேர்த்துத் தலையாட்டி விடுவோம். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்படி நடக்கட்டும் என்றுதான் ஒரே வாக்கியமாக எழுதியிருந்தேன்.

ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது. அவருடன் வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. என்னையே பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தையல் லைனில் அத்தனை பேர் இருக்க, அவர் அவளைத்தான் கூப்பிட்டார்.

“ஓவர்டைம் பாக்கறனுங்க,” என்றாள். அவ்வளவுதான்.

நான் முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னேன், விருப்பத்தையும் சேர்த்து. அவர் டிக் அடித்தார்.

அவள் என்னையே பார்த்தாள். “நாஞ் சொன்னது கொஞ்சந்தானுங்களே மேடம். நீங்க நெறையாச் சொல்றீங்க.”

அவள் என்ன சொல்கிறாள் என்று ஆடிட்டர் ஆங்கிலத்தில் கேட்டார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முதலாளியின் முகமும் நினைவுக்கு வந்தது.

“நன்றி சொல்கிறாள்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. தமிழில் தெரிந்த ஒரே சொல்லை, கைகூப்பி அவளிடம் சொன்னார். அவளும் பதறிப்போய்க் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் குனிந்து, “எனக்கு எதுக்குங்க மேடம் நன்றி சொல்றாரு?” என்று கேட்டாள்.

“நீங்க உள்ளதைச் சொன்னதுக்குங்க,” என்றேன்.

அவள் நம்பினாள். அன்று மாலையும் அவளுக்கு ஓவர்டைம் போட்டிருந்தோம்.