குமேசோ அறைந்த மூடி

குமேசோ வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அரை நாள் வாளியில் நின்றால் துரு நிறம் வந்துவிடும். ஜப்பானின் நீகாத்தாச் சமவெளியில் பாதி வீடுகளில் இதே கதைதான். மற்றவர்கள் மூங்கில் தட்டியில் தண்ணீரைச் சிதறவிட்டு, காற்றுப்பட வைத்து, அப்புறம் மணலிலும் கரியிலும் வடிப்பார்கள். மாதம் ஒருமுறை மணலைக் கழுவுவார்கள். குமேசோவுக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். பழைய சாகே மதுப் பீப்பாயில் மணலையும் கரியையும் அடைத்து, தன் வித்தையை ஊர் திருடிவிடக் கூடாதென்று மூடியை ஆணியால் அறைந்துவிட்டான். அதில் திருட என்ன இருந்ததோ, அவனுக்கே வெளிச்சம்.

"காத்துப் படாம துரு எப்படிங்க மணல்ல தங்கும்? மூடியத் தொறங்க" என்று மனைவி கினு பத்து வருஷமாகக் கரடியாகக் கத்தினாள்.

"வடியுற தண்ணியப் பாருடி, எவ்ளோ தெளிவா இருக்கு!" என்பான் அந்த மகா மேதை.

ஒரே மகன் தமேகிச்சிக்கு முப்பத்தொரு வயது. சிவப்புத் தண்ணீர் வீடு என்று மூன்று இடம் தட்டிப்போனது. நாலாவதாக, மலையோர ஊரிலிருந்து பெண்ணின் அம்மா ஷிமே வந்தாள். விவரமானவள், தன் வீட்டுத் தேயிலையைப் பொட்டலம் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

குமேசோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவனே தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். கோப்பையில் ஊற்றிய தேநீர், தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு பட்டு, மைக்கூடு கவிழ்ந்தாற்போலக் கறுத்தது.

"உங்க தேயிலை பழசு போலிருக்கே" என்றான், வாய் கூசாமல்.

"காலைல எங்க வீட்ல இதையேதான் போட்டுக் குடிச்சேன். பச்சைப்பசேல்னு இருந்துச்சு."

தமேகிச்சி தலைகுனிந்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று கோப்பையை எடுத்துக்கொண்டான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஷிமே.

"எம் பொண்ண இந்தத் தண்ணிக்கு அனுப்ப மாட்டேன். ஆனா பையன் தங்கமா இருக்கான். எங்களுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. எங்க குடும்பப் பேரை ஏத்துக்கிட்டு, வீட்டோட மாப்பிள்ளையா வரட்டும்."

"என் ஒத்தப் பிள்ளையா? அப்ப என் குடும்பப் பேரு என்னாகுறது?" குமேசோ எழுந்தே நின்றுவிட்டான்.

"வர்றேங்கம்மா" என்றான் தமேகிச்சி, ஷிமேயிடம். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"ஏய் கினு! கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, ஏதாவது சொல்லுடி!"

கினு ஷிமேயின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்ப அனுப்பணும்னு சொல்லுங்க" என்றாள்.