ஜூலையில் குளிர் கண்ட வண்டி

வெர்லீன் ரூப்புக்கு மனிதர்களிடம் பொய் சொல்ல வராது. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், "அப்பன் மூக்கு அப்படியே வந்துடுச்சே, பாவம்" என்று தொட்டிலுக்கு மேலேயே சொல்லிவிடுவாள். சர்ச் விருந்தில் அடுத்தவள் சுட்ட கேக்கைத் தின்று முடித்துவிட்டு உள்ளே மாவு வேகவில்லை என்பாள். ஊரில் அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆனால் இன்ஜினிடம் பொய் சொல்வதில் அவளை மிஞ்ச இண்டியானாவின் வடபாதியில் ஆள் கிடையாது.

பொய் சின்னதுதான். டீசல் பிக்கப் காற்றை உறிஞ்சும் குழாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு சென்சார் உண்டு. உள்ளே வரும் காற்று சூடா, குளிரா என்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் கோள் மூட்டுவதுதான் அதன் பிழைப்பு. வெர்லீன் அதை ஓரங்கட்டிவிட்டு, அந்த ஒயரில் அரிசிமணிப் பருமனுக்கு ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைப்பாள். அப்புறம் ஊரே வெயிலில் பொரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ஜனவரி மாதம்தான். குளிர்ந்த காற்று வருகிறது என்று நம்பி டீசலை முன்கூட்டியே பீய்ச்சும். வண்டி மதம் பிடித்த மாதிரி இழுக்கும். சக்கரம் வைத்த வீடுகளைச் செய்யும் தொழிற்சாலையில் பகலெல்லாம் ஒயர் பூட்டுகிறவளுக்கு இது காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இந்த வேலையை அவள் ஒவ்வொரு ஜூலையிலும் புருஷன் டெல்வினின் வண்டிக்குச் செய்துகொடுத்தாள். கவுண்டி என்கிற அவர்கள் மாவட்டத்தின் சந்தைத் திருவிழாவில் பிக்கப் இழுவைப் போட்டி நடக்கும். எடையேற்றிய சறுக்கு வண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு, யார் அதிக தூரம் இழுக்கிறார் என்று பார்ப்பார்கள். டெல்வின் கலந்துகொள்வது, கம்பெனியில் வந்தபடியே ஒரு திருகைக்கூட மாற்றாத வண்டிகளுக்கான பிரிவில். பதினொரு வருஷமாக அவனுக்குத்தான் கோப்பை. பற்றவைக்கும் கோலில் எந்த முனை சுடும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் மைக்கைப் பிடித்தால், எல்லாம் காலில் இருக்கிறது, மிதிக்கிற பக்குவம் என்பான். வெர்லீன் கீழே நின்று கைதட்டுவாள். ஒரே கதையைப் பதினொரு வருஷம் சொன்னால் சொன்னவனுக்கே அது வேதமாகிவிடும்.

பிறகு டெல்வின் வங்கியில் வேலை பார்க்கும் கார்லா வென்ட் வீட்டுப் பக்கம் அடிக்கடி போக ஆரம்பித்தான். வெர்லீன் அதை வழக்கம்போல ஊருக்கு நடுவில் சொன்னாள். டெல்வினோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். தட்டு ஏந்துகிறவன் வாயில் பொய் வராது என்பது ஊரின் கணக்கு. வெர்லீனுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை, கண்டதையும் கற்பனை செய்கிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோது, கேட்டவர்கள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். விவாகரத்தானது. பொறுக்கமாட்டாமல் அவள் கோப்பைகளின் ரகசியத்தையும் போட்டு உடைத்தாள். அதற்குச் சிரித்தார்கள். பாவம், இப்போது கோப்பையும் தன்னுடையது என்கிறாள் என்றார்கள்.

புருஷன் போனதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பொய்யே வராதவளைப் பொய்க்காரி என்றார்களே, அதுதான் ராத்தூக்கத்தைக் கெடுத்தது. தொழிற்சாலையில் பக்கத்து மேஜைக்காரி மார்வா ஒருத்திதான் அவள் பக்கம். அவளும், "நானே பாதிதான்டி நம்பறேன்" என்றாள்.

அந்த வருஷம் போட்டிக்கு வெர்லீனே பெயர் கொடுத்தாள். விவாகரத்துப் பிரிவினையில் அவளுக்கு வந்த துருப்பிடித்த பிக்கப் ஒன்று இருந்தது. டெல்வின் வண்டியின் அதே ரகம், அதே இன்ஜின்.

"ஜெயிச்சு என்னடி பண்ணப்போற?" என்றாள் மார்வா.

"ஜெயிக்கிறதுக்கு இல்லடி. என் கைவேலைய இந்த ஊரு ஒருதரமாவது கண்ணால பாக்கணும். அதுக்கப்புறம் எவன் வேணா என்னைப் பைத்தியம்னு சொல்லட்டும்."

பார்க்கவைக்க அவளிடம் வழி இருந்தது. இந்த ரக வண்டிக்குக் காற்றுக் குழாயில் ஒரு ஹீட்டர் உண்டு. கடுங்குளிர் என்று கம்ப்யூட்டர் நினைத்தால் அதைப் போட்டுப் போட்டு அணைக்கும். பாட்டரி திணறி, ஹெட்லைட் மங்கும், பளிச்சிடும், மறுபடி மங்கும். ஜனவரிக் காலையில் மாட்டுக்குத் தீனி போட வண்டியைக் கிளப்புகிற எல்லோருக்கும் அந்தக் கண்சிமிட்டல் தெரியும். டெல்வின் வண்டியில் அந்த ஹீட்டரின் ஒயரை அவள் மறக்காமல் கழற்றிவிடுவாள். தன் வண்டியில் வேண்டுமென்றே அப்படியே விட்டாள்.

டெல்வினுக்கு வேறு பயம். போட்டியில் ஒரு சட்டம் உண்டு: யார் வேண்டுமானாலும் யார் மேலும் புகார் கொடுக்கலாம், ஆனால் புகார் கொடுத்தவன் பானெட்டையும் திறந்து பார்ப்பார்கள். அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து ஒருத்தனும் புகார் கொடுத்ததில்லை. ஏன் என்று விளக்க வேண்டுமா என்ன? ஆனால் வெர்லீனுக்கு இழக்க என்ன இருக்கிறது, துணிந்து கொடுத்துவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டான். பக்கத்து கவுண்டியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, போன ஜூலையில் அவள் வைத்த ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, பழைய சென்சாரையே மாட்டி, ஹீட்டர் ஒயரையும் சேர்த்துக்கொண்டான். பத்து சென்ட் சாமானா தன்னை ஜெயிக்கவைத்தது என்று நினைத்தான். கால் இருக்கிறதே.

போட்டியன்று பார்வையாளர் மேடை நிறையக் கூட்டம். பன்றிக்கறி வறுவலும் எலுமிச்சைச் சாறுமாக எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். வெர்லீனுக்கு முன்னால் டெல்வின் வந்தான். கையை ஆட்டினான், மிதித்தான். வண்டி உறுமியது, கரும்புகை விட்டது, இருநூற்று நாற்பது அடியில் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. பாதிரியாரின் வண்டியே அதைவிட நாலடி கூட இழுத்திருந்தது. டெல்வின் இறங்கி, கிளட்சைக் கைகாட்டி உதட்டைப் பிதுக்கினான்.

அடுத்து வெர்லீன் கோட்டில் வந்து நின்றாள். கொடி விழக் காத்திருந்த நேரத்தில் அவள் ஹெட்லைட் மங்கியது. பளிச்சிட்டது. மறுபடி மங்கியது. தொண்ணூறு டிகிரி வெயிலில் மேடை முழுக்க மெல்லுவதை நிறுத்தியது. முன்வரிசையில் ஒருவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கையுறைய வீட்ல வெச்சுட்டு வந்துட்டனே" என்றார். கொடி விழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு அடி.

எல்லோருக்கும் புரிந்தது, யாரும் வாய் திறப்பதாக இல்லை. அவரவர் பானெட் அவரவருக்கு. டெல்வின் மட்டும் சிவந்த முகத்தோடு நேராக நடுவர் ஆர்லோ ஸ்டக்கியிடம் போய்ப் புகார் கொடுத்தான். ஆர்லோவுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"ரெண்டு பானெட்டும் திறக்கணும்பா. தெரியும்ல?"

"திறங்க. எனக்கென்ன பயம்?"

வெர்லீனுடையதைத் திறந்தார்கள். ஆர்லோ குனிவதற்குள் அவளே விரலால் காட்டி, அது தன் வேலைதான் என்றாள். பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். பிறகு டெல்வினுடையது. ஆர்லோ துழாவித் துழாவிப் பார்த்து நிமிர்ந்தார். கம்பெனியில் வந்தபடியே சுத்தமாக இருந்தது.

 அவனே ரெசிஸ்டரைப் பிடுங்கிப்போடுவான் என்று வெர்லீன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இனி சாகும்வரை அவள் பொய்க்காரிதான். டெல்வின் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டான். "பாத்துக்குங்க. யாரு பொய் சொல்றாங்கன்னு இனிமே நான் வேற சொல்லணுமா?"

ஆர்லோ பானெட்டை மூடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"டெல்வின், போன வருஷம் முந்நூத்திப் பத்து அடி இழுத்த. அதே வண்டி, அதே டயரு, அதே மண்ணு. மிச்சம் எழுபது அடி எங்கப்பா போச்சு?"

"கிளட்ச்சு வழுக்குது."

"வழுக்கினா கருகின வாடை வருமே. வரலியே."

டெல்வின் எட்டி பானெட்டை மூடப் பார்த்தான்.  மேலே எங்கிருந்தோ ஒரு கிழக்குரல் நிதானமாகச் சொன்னது: "காலு மட்டும் வந்துருக்கு. பொண்டாட்டி வரல போல."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு ஏறியது. காணிக்கைத் தட்டில் பணம் போட்டவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பதினொரு வருஷக் கோப்பையும் யார் கைவேலை என்று ஊருக்கு விளங்கிவிட்டது. வெர்லீன் அழுதாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமில்லாமல், சந்தோஷமாக அழுதாள்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வண்டி விஷயத்தில் அவள் சொன்னது நிஜம் என்றால், அவள் சொன்ன இன்னொன்று இருக்கிறதே என்று ஒவ்வொருவருக்காக உறைத்தது. மேடையில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, கார்லா வென்ட் உட்கார்ந்திருந்த மூன்றாம் வரிசைப் பக்கம்.