பழைய கணினியில் கட்டுகிறவள்

திரையில் வரிகள் மேலேறிக்கொண்டே இருக்கின்றன. தங்கை கன்னத்தில் கை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அதையே பார்க்கிறாள். கூப்பிட்டால் "ம்" என்பாள். அந்த "ம்"முக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. திரைச்சீலை வழியே வரும் மத்தியான வெளிச்சத்தில் அந்த அறை தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

சுவரோரம் ஐந்து கணினிகள், வயது வரிசைப்படி. மூத்ததற்குப் பதினாறு வயது. மேல்மூடி கிடையாது, உள்ளே விசிறி சுற்றுவது தெரியும். எழுதிய புரோகிராமைக் கணினியில் ஓடும்படி மாற்றிக் கட்டுவதற்குக் கம்பைல் என்று பெயர். அதை இவள் மூத்ததில்தான் செய்வாள். புதியது ஐந்து நிமிடத்தில் முடிப்பதற்கு இது இரண்டு மணி நேரம் எடுக்கும். ஏன் என்று கேட்டேன்.

"பழசுல கட்டினது புதுசுலயும் ஓடும்க்கா. புதுசுல கட்டினா, பழசுல இல்லாததையெல்லாம் கேட்டு அடம் பிடிக்கும். புதுசா வந்த மேனேஜர் மாதிரி."

எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்தது.

அவளுடைய புரோகிராம் பேச்சிழந்தவர்களுக்கானது. எழுத்தைத் தட்டினால் வாய்விட்டுச் சொல்லும். "பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறது நாலே பேரு. விட்டுத் தள்ளுங்க" என்றாராம் அவள் ஆபீஸ் மேலாளர். "நாலு பேருன்னா நாலு வாய், சார்" என்றாளாம் இவள். இதை நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் பாக்கியில்லை.

அப்படிப்பட்டவள் போன வாரம் தவறினாள். அவசரத்தில் புதுக் கணினியிலேயே கட்டி அனுப்பிவிட்டாள். அந்த நால்வரில் ஒருவர் தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் போனவர். புதுப் பதிப்பு அவர் கணினியில் பழையதை அழித்துவிட்டு, தானும் திறக்க மறுத்தது. மூன்றாம் நாள் அவர் மனைவி போன் செய்தார்.

"எழுதித்தான் காட்டுறாரும்மா. ஆனா மூணு நாளா வீட்ல சண்டையே இல்ல. பயமா இருக்கு."

தங்கை போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான்தான்க்கா அவர் குரலைப் புடுங்கிட்டேன்."

சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மூத்ததை முடுக்கினாள். வரிகள் பாதியில் நின்றன. அந்தக் கணினியில் இல்லாத ஏதோ ஒன்றைப் புரோகிராம் கேட்டது. அதை எடுத்துவிட்டு, அது செய்யும் வேலையைத் தானே உட்கார்ந்து எழுதினாள். வரிகள் மறுபடி ஏறின. விசிறியின் முனகலில் எனக்குக் கண் சொருகியது.

கட்டி முடித்து அனுப்பியதும், போனை ஸ்பீக்கரில் போட்டு, எதை அழுத்த வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ எழுத்துகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஏற்ற இறக்கமில்லாத இயந்திரக் குரல்:

"டீ. ஆறிப்போச்சு."

"இப்பதானே குடுத்தேன்?"

"மூணு நாளும். ஆறின டீ. சேர்த்துச் சொல்றேன்."

"சூடா வேணும்னா எழுந்து வந்து போட்டுக்க வேண்டியதுதானே!"

எங்களை அவர்கள் மறந்தே போனார்கள். சண்டை வளர்ந்தது. தங்கை போனை வைக்கவில்லை. எங்கள் சிரிப்பு அங்கே கேட்டுவிடாமல் போனின் பேசும் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.