அரிப்பு நின்ற நாள்

இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில், ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மருந்து நினைவுக்கு வரவில்லை. எங்கள் சந்தில் இருந்த தையற்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவர் முதுகில் ஒரு படை இருந்ததாம். யாரோ போய்ச் சொல்ல, சர்க்கார் ஆட்கள் வந்து பார்த்து, அவரை ஜெரஜாக் தீவுக்குப் படகேற்றி விட்டார்கள். குஷ்டம் வந்தவர்களை வைத்திருந்த தீவு அது. கரையில் நின்று பார்த்தால் பச்சைப் பசேலென்று அழகாகத்தான் இருக்கும். போனவர் திரும்பவில்லை. அவர் மனைவி கொஞ்ச நாள் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளையும் காணோம்.

எனக்கு அப்போது தவழத் தொடங்கியிருந்த பெண் குழந்தை. பால்குடி மறக்காதவள். என்னைப் படகில் ஏற்றினால் அவளை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். இந்த ஒரு நினைப்பு போதும், உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்பதுகூட மறந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீசில் அவர் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. சட்டம் என்றால் சாமிக்கு அடுத்தபடி. துப்பாதே என்று ஒரு பலகை இருந்தால், அந்தத் தெரு முடியும்வரை எச்சிலை விழுங்கிக்கொண்டே நடக்கிறவர். அவரா என்னை ஒளித்து வைப்பார்?

பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் காட்டினேன். அவர் மலாய்க்காரர். நாகப்பட்டினத்து மரைக்காயர் ஒருவரைக் கட்டிக்கொண்டதால் தமிழ் சரளமாகப் பேசுவார். கதவைச் சாத்திவிட்டுப் பாவாடையை விலக்கிக் காட்டினேன்.

"அரிக்குதா?" என்று கேட்டார்.

"உயிர் போவுது அக்கா. நெருப்பா எரியுது."

"அரிச்சா நல்லதுலா தங்கச்சி. நீ பயப்படுற சாக்கிட்டு, அந்தப் பெரிய வியாதிக்கு அரிப்பே கெடையாது. அந்த எடம் மரத்துப் போயிரும். ஊசியால குத்துனாலும் தெரியாது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரிப்பைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் கும்பிட்டுக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அகப்பைக் காம்பால் சொறிந்தேன். மாதா கோயில் பூசையில் முழங்காலிட்டிருக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டேன். தோல் கிழிந்து நீர் கசிய ஆரம்பித்ததும் வைத்தியத்தில் இறங்கினேன்.

முதலில் வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்துப் போட்டேன். இலை மாரியம்மன் கோயில் மரத்தில் பறித்தது. வேதக்காரியான என் தோலுக்கும் அது சுறுசுறுவென்று பிடித்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் அடங்கத்தான் செய்தது. ஆனால் வாசனை வீட்டைத் தூக்கியது. "என்ன இது, வீட்டுல யாருக்காச்சும் அம்மையா?" என்று வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். அதோடு வேப்பிலையை விட்டேன். குப்பைமேனியை உப்புச் சேர்த்துக் கசக்கித் தேய்த்தேன். கிழிந்த தோலில் உப்புப் பட்டதும் சமையற்கட்டிலேயே குதித்தேன். தகர டின்னில் வளர்த்த சோற்றுக்கற்றாழையைச் சீவி, மஞ்சள் பால் போகக் கழுவி, உள்ளிருக்கும் சோற்றை வைத்துக் கட்டினேன். ஈரம் இருக்கும்வரை சுகம். காய்ந்ததும் தோல் இழுத்துக்கொண்டு மறுபடி அரித்தது.

கடைசியில் அக்கா ஒரு கிண்ணத்தில் பெடாக் சிஜுக் கொண்டுவந்தார். அரிசியைப் பல நாள் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, வெண்ணெயாக அரைத்து, வாசனைப் பூவும் இலையும் சேர்த்து, துளித்துளியாக வெயிலில் உலர்த்தி எடுப்பார்கள். மலாய்ப் பெண்கள் முகத்தில் வெள்ளையாகப் பூசிக்கொள்வது அதைத்தான். பன்னீரில் குழைத்துத் தடவிய மறுகணமே இடுப்பெல்லாம் குளிர்ந்தது. அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தன் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். புழுக்கம் என்றார். புழுக்கம் என்றவர் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டபடியே இருந்தார். குழந்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும். முன்பெல்லாம் ஓடி வந்து தூக்குகிறவர், இப்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிக்க மட்டும் செய்தார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். என்னைக் கண்டுபிடித்துவிட்டார், என் பாலைக் குடித்த குழந்தையைக்கூடத் தொடப் பயப்படுகிறார், நாளைக்கோ மறுநாளோ ஆட்களோடு வந்து நிற்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விடுவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்து மத்தியானச் சோறாக்கி இறக்கியபோது சட்டென்று உறைத்தது. அன்று காலையிலிருந்து நான் சொறியவே இல்லை. முதல் நாளும் சொறிந்த நினைவில்லை. விரலால் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. அரிப்பே கிடையாது, மரத்துப் போயிரும் என்று அக்கா சொன்னது காதில் கேட்டது. மருந்து வேலை செய்கிறது என்று எந்தப் பைத்தியமும் நினைத்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் பாழாய்ப்போன அரிப்பு திரும்பி வரக்கூடாதா என்று புனித அன்னம்மாளை வேண்டினேன்.

குழந்தையைக் கொண்டுபோய் அக்காவிடம் விட்டேன். அது என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. விரல்களைப் பிரித்துவிட்டு வந்தேன். பால் கட்டி மார்பு வலித்தது. சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தையல் ஊசியை எடுத்து, பாவாடையைத் தளர்த்தி, அந்த இடத்தில் வைத்து மெல்லக் குத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. மேலே பக்குக் கட்டியிருந்தது என்பது பிறகு புரிந்தது. அந்த நிமிஷம் நான் செத்துத்தான் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆழக் குத்தினேன்.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இடுப்பில் ரத்தம், கையில் ஊசி, நானோ சிரித்துக்கொண்டு அழுகிறேன்.

"வலிக்குதுங்க! எனக்கு அது இல்லைங்க!" என்றேன். மறைத்ததையெல்லாம் கொட்டினேன்.

அவர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழுத்துத் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். பிடரியில், சட்டைக் கழுத்து உரசும் இடத்தில், அதே அளவில், அதே சிவப்பில் ஒரு தடிப்பு.

"நான் உன்னைப் பார்த்துப் பயப்படலை," என்றார். "என்னைப் பார்த்துத்தான் பயந்தேன். புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யிறது?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிப்போய் அவர் சட்டை ஒன்றையும் என் பாவாடை ஒன்றையும் எடுத்து வந்தேன். பழைய டோபி ஊருக்குப் போய்விட்டதால், துணியெடுக்க வந்த புது டோபி எல்லாவற்றிலும் புதுக்குறி போட்டிருந்தார். சட்டையில் கழுத்துப் பட்டியின் உள்பக்கம், பாவாடையில் நாடாப் பட்டியின் உள்பக்கம், சேராங்கொட்டைச் சாற்றில் கரிய புள்ளிகள். சேராங்கொட்டை பட்டால் தோல் புண்ணாகும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பயந்தவளுக்குத்தான் தெரியவில்லை.

சட்டையை அவர் பிடரியில் வைத்துக் காட்டினேன். புள்ளி தடிப்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் தலையை ஆட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.

"இருக்கட்டும். எனக்கும் குத்திப் பாரு," என்று தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

ஊசியைக் கழுவி எடுத்து வந்தேன். தடிப்பின் நடுவில் முனையை வைத்தேன். அவர் அசையவில்லை.

"வலிக்குதாங்க?"

பதில் இல்லை. இன்னும் அழுத்தினேன். ஒரு துளி ரத்தம் வந்தது. அப்போதும் சத்தம் இல்லை. எனக்குக் கண்ணில் படகுதான் தெரிந்தது. அவரைப் படகில் ஏற்றுகிறார்கள், நான் குழந்தையோடு கரையில் நிற்கிறேன். அப்புறம்தான் அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"வலிக்குது," என்றார், அழுகைக்கு நடுவில்.

நான் ஊசியை எடுத்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"இன்னொரு தடவை குத்து," என்றார்.