ஏழாம் கட்டம்

அந்த பம்ப் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கன்டெய்னரம்மா என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். பதினெட்டு வருடமாக ஏற்றுமதிப் பிரிவில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் நிரப்பிய படிவத்தில் ஒரு கட்டம் காலி என்று துறைமுகத்தில் எவரும் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் அவள் சும்மா விட்டிருப்பாளா?

போன வருடம், இவர்களிடம் பம்ப் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி இவர்களையே வாங்கிவிட்டது. கேக் எல்லாம் வெட்டினார்கள். ஆறே மாதத்தில் எல்லாம் தலைகீழ். அந்த நாட்டுக்கான பம்புகளை இனி அங்கேயே செய்துகொள்வார்களாம். உள்ளே சுழலும் ஷாஃப்டையும் அங்கிருந்தே அனுப்புவார்களாம். இங்கே பொருத்தி உள்ளூரில் விற்றால் போதுமாம். வெளியே போய்க்கொண்டிருந்த கன்டெய்னர்கள் உள்ளே வரத் தொடங்கின. அவளை இறக்குமதி மேசைக்கு மாற்றினார் மேலாளர்.

"மூணு மாசம் பாப்போம்மா. சரிப்பட்டு வரலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

முதல் கன்டெய்னரே துறைமுகத்தில் நின்றுபோனது. படிவத்தில் ஏழாம் கட்டம் காலி.

"நீங்களா இப்படி விட்டீங்க?" என்றார் மேலாளர்.

"விட்டுப்போச்சு சார்."

பச்சைப் பொய். 'இப்பொருள் எங்கள் ஆலையில் தயாரிக்கப்படுவதில்லை' என்று அங்கே எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபது வருடமாக அந்த ஷாஃப்டைக் கடைந்தவர் அவளுடைய கணவர். போன வெள்ளிக்கிழமைதான் அவருடைய லேத்தை நிறுத்திவிட்டு, அவரைக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள்.

"எழுதிடு. இப்ப இங்க செய்யறதில்லதானே?"

"இல்லதான்."

"அப்புறம் என்ன? உன் வேலையாவது நிக்கட்டும்."

அவர் ஒரு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மறுநாள் காலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் கன்டெய்னர் வந்து சேர்ந்தது. பட்டியலோடு சரிபார்க்கக் கிடங்குக்குப் போனாள். முதல் பெட்டியைத் திறந்தவர் அவர்தான். ஒரு ஷாஃப்டை எடுத்து, துணியால் எண்ணெயைத் துடைத்து, பெருவிரலால் நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையாவது சொல்லமாட்டாரா என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அதைப் பதமாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.