வழிக்கு ஒரு லோடு செங்கல்

சுகிர்தபாய் வீடு கட்டுவதில் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. மறுப்பெல்லாம் வழியில்தான் வந்தது. ரோட்டிலிருந்து வாசல் வரை மேடேறும் முப்பது மீட்டர் செம்மண்ணில் எதைப் பாவுவது என்று செங்கல் என்ற அந்த ஊரில் கருத்துச் சொல்லாத ஆளே இல்லை. இரண்டு காலும் ஒழுங்காக இருப்பவர்களுக்கு அடுத்தவர் வீட்டு வழியைப் பற்றிப் பேச நேரம் நிறையக் கிடைக்கும்.

சுகிர்தபாய்க்கு இரண்டு காலும் இரண்டரை வயதிலேயே போலியோவில் போயின. முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு இருந்தவை தேக்குக்கட்டை போன்ற இரண்டு கைகள், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி, தனுவச்சபுரம் ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத். கல்லூரிப் பிள்ளைகள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசும் காதலெல்லாம் அவள் காதில் விழும். எதையும் வெளியே விடமாட்டாள். தன் காரியங்களும் அப்படி நாலு பேர் அறியாமல் நடக்காதா என்று ஏங்கியவள் அவள்.

நடக்க வழியில்லை. அண்ணன் கனகதாஸ் வீட்டு முற்றம் முழுக்க மணல். காலையில் அவர்தான் வண்டியை ரோடு வரை தள்ளுவார், சாயங்காலம் அவர்தான் உள்ளே தள்ளுவார். கனகதாஸ் கெட்டவரல்ல, சிக்கலே அதுதான். தள்ளும்போது கேட்பார்: "இன்னைக்கு ஏன் நேரத்தே? எங்க போணும்? ஆரு வாறா?" பாசத்தோடுதான் கேட்பார். பதில் சொன்னால்தான் சக்கரம் உருளும். பிறந்து முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் அவள் ஒரு இடத்துக்கும் போனதில்லை. அதற்காகத்தான் இந்த வீடே. வழி சரியில்லையென்றால் வீடு கட்டியும் பிரயோஜனமில்லை, இன்னொரு மணல் முற்றம்தான்.

கனகதாஸ் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் வீட்டில் கடப்பாக்கல் பாவியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"முகம் பாக்கலாம் மக்கா. அப்பிடி மினுமினுப்பு."

"முகம் பாக்கக் கண்ணாடி உண்டு. மழையில அதுல என் வண்டி நிக்குமா?"

"அப்பம் மெட்டல் விரிப்போம். வெள்ளம் தேங்காது."

"சல்லியில சக்கரம் பொதையும்."

"பொதைஞ்சா தள்ளதுக்கு நாங்க இல்லியா?"

"நீங்க இருக்கியதுதான் அண்ணா பிரச்சனை."

அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவளுக்கும் சோறு இறங்கவில்லை, ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அவள் மனதில் இருந்தது செங்கல். அவள் போகும் கிறிஸ்தவ சபையின் முற்றத்தில் ஒரு ஓரத்தில் செங்கல்லைக் குத்தாக நிறுத்திப் பாவியிருந்தார்கள். மழையிலும் அந்த இடத்தில் மட்டும் வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. பூத்திலிருந்தே நெய்யாற்றின்கரைக் கல் டிப்போ ஒன்றுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் வடக்கே கண்ணூர்க்காரன்.

"செங்கல்லு வேணும். ஒரு லோடு."

"செங்கல்லு அல்லே? எவிடெயா எத்திக்கண்டது?"

"செங்கல்லுக்கு."

"செங்கல்லு மனசிலாயி சேச்சி. ஸ்தலம் எவிடெயா?"

"ஊரு பேரே செங்கல்லாக்கும்."

ஊர்ப் பேரைப் புரியவைத்த சந்தோஷத்தில் பொருளின் பேரை மறந்துபோனாள். கண்ணூர்க்காரனுக்குச் செங்கல் என்றால் பூமியிலிருந்து வெட்டியெடுக்கிற செம்பாறைக் கல். இங்கே அதற்கு வெட்டுகல் என்று பேர். மறுநாள் லாரி வந்து கொட்டியது ஆளுக்கொரு கல்லைத் தூக்கினாலே மூச்சு வாங்கும் அந்த வெட்டுகல்லை. திருப்பி எடுக்கச் சொல்வதற்குள் லாரி உதியங்குளங்கரை தாண்டியிருக்கும்.

கனகதாஸ் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "மூணு பாஷையில போனு எடுக்கியவளாக்கும். ஒரு கல்லு சொல்லத் தெரியல்ல. நீ தனியா இருந்து கிழிச்ச மாதிரிதான்."

தப்பு என்று அவள் அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டிருப்பாள். கடைசி வாக்கியம்தான் அவளைச் சீண்டிவிட்டது.

"நான் கேட்டதே இதைத்தான்" என்றாள் சுகிர்தபாய், கண் இமைக்காமல்.

கொத்தனார் தங்கப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, இது சொவருக்கு வைக்கிய கல்லு. முழுக்க ஓட்டையாக்கும்."

"ஓட்டை இருக்கட்டு. நாலு வரி பாவுங்க. மேட்டுலயே பாவுங்க. பொறவு ரெண்டு கொடம் வெள்ளம் ஊத்துங்க."

பொய்யை நிஜமாக்கிக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் அவள் ஈரக் கல்லில் வண்டியை ஏற்றினாள். சொரசொரப்பு டயரைக் கவ்விப் பிடித்தது. வழுக்கவில்லை. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் முன்சக்கரம் மாட்டி, வண்டி கவிழ்ந்து, முழங்கை உரிந்தது. கனகதாஸ் ஓடிவந்தார். அவள் தரையில் கிடந்தபடியே தங்கப்பனிடம் பேசினாள்.

"இடைவெளி ஒரு விரக்கடைக்கு மேல வரப்பிடாது. சிமெண்டு வச்சு அடையுங்க. நேர ஏத்தம் வேண்டாம், வளைச்சு எடுங்க."

"வளைச்சா முற்றம் போவுமே அக்கா."

"முற்றம் வச்சு நான் என்ன ஓடிப் பிடிச்சா வெளயாடப் போறேன்?"

வழி வளைந்தது. வாசலில் படி இல்லை. படியில்லாத வீட்டில் ஐசுவரியம் தங்காது என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஐசுவரியத்துக்குக் கால் உண்டென்றால் சரிவிலும் ஏறி வரட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை. சபைப் போதகரான ஐயர் அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துச் சாவியோடு வாசலில் நின்றார். சபையார் குடைகளோடு வழி நெடுக நின்று பாடினார்கள். சுகிர்தபாய் ரோட்டிலிருந்து வண்டியைத் திருப்பினாள். பழக்கதோஷத்தில் கனகதாஸின் இரண்டு கைகளும் பின்னால் வந்து பிடித்தன.

"கைய எடுங்க அண்ணா."

அவர் ஒரு கையை எடுத்தார்.

"மத்ததையும்."

மழையிலும் அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. சில பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். இத்தனை வருஷம் தள்ளின அண்ணனிடம் இப்படியா என்ற சுளிப்பு. அவள் கைப்பிடியைச் சுற்றினாள். வளைவில் மூச்சு முட்டியது, வண்டி நின்றது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். பின்னால் கனகதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், ஆனால் தொடவில்லை. வண்டியும் பின்னால் உருளவில்லை, கல் பிடித்து வைத்திருந்தது. மூன்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சுற்றினாள். வாசலில் ஏறியபோது தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, ஐயரிடம் கைநீட்டிச் சாவியை அவளே வாங்கித் திறந்தாள். அது ஐயர் திறக்க வேண்டிய கதவு.

இரண்டு வாரம் கனகதாஸ் அந்தப் பக்கம் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். கூப்பிட்டு அனுப்பவில்லை. மூன்றாம் ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு அவர் ஏறி வந்தார். அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"பூத்து இன்னைக்கு இல்லல்லா?"

"இல்ல."

"சபைக்கும் காலம்பற போயாச்சு."

"போயாச்சு."

"பின்ன எங்க போற?"

"பழத்தை அந்தத் திண்டுல வையிங்க அண்ணா. வந்து திங்கியேன்."

"எங்கேன்னு கேட்டேன்."

"நீங்க கேட்டது கேட்டுது."

சாவியை மடியில் செருகிக்கொண்டு அவள் பிரேக்கைத் தளர்த்தினாள். வண்டி வளைவில் நிதானமாக இறங்கியது. கனகதாஸ் பழச்சீப்போடு மேலேயே நின்று பார்த்தார். ரோட்டில் இறங்கி, அது மூன்றாகப் பிரியும் இடத்தை எட்டியதும் அவள் தனுவச்சபுரம் பக்கம் திரும்பவில்லை, சபைப் பக்கமும் திரும்பவில்லை. சொந்தபந்தம் ஒருவர்கூட இல்லாத மூன்றாவது பக்கம் திரும்பினாள்.