ஒரு தடவை வேண்டாம் என்றால்

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனாலும் ஒருத்திக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஜெர்மன்காரி, நர்ஸ். தமிழ்நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போக இருந்தாள்.

நான் மியூனிக் வந்தது ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. அறுபதுகளின் கடைசி. பிள்ளைகள் வளர்ந்ததும், அவர் தன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னைச் சேர்த்துவிட்டார். அந்த நர்ஸ் அங்கே வந்துதான் கேட்டாள். சரி என்றேன்.

எனக்கு ஜெர்மன் யாரும் சொல்லித் தரவில்லை. தலைமைச் சமையல்காரி திட்டித் திட்டி வந்தது. திட்டு முதலில் புரிந்தது. பாராட்டு புரிய ரொம்ப நாள் ஆனது. ஒரு தடவை ஒரு காயின் பெயரைத் தப்பாகச் சொன்னேன். சமையலறையே சிரித்தது. அந்தப் பெயரை இன்றைக்கும் நான் வாயில் எடுப்பதில்லை. கடையில் விரலால்தான் காட்டுவேன்.

அதனால் அவள் தப்பாகப் பேசினால் நான் சிரிப்பதில்லை. திருத்துவதும் இல்லை. அதையே சரியாக ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். காதில் விழுந்தால் போதும். கை எதற்கு நீளுகிறதோ அப்போது அதன் பெயரைச் சொல்வேன். கரண்டியைத் தேடினால் கரண்டி. விரல் பட்டால் சுடுது. தேவைப்படாத சொல் தங்காது. இதுதான் என் பாடம். வேறு பாடம் எனக்குத் தெரியாது.

பரிமாறவும் சொல்லிக் கொடுத்தேன். ஜெர்மன் வீட்டில் வேண்டாம் என்றால் பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விடும். வந்த புதிதில் அப்படி நான் அரை வயிற்றோடு எழுந்திருக்கிறேன்.

"நம்ம ஊர்ல விருந்தாளி வேண்டாம்னா நம்பாத, புள்ள. இன்னும் கொஞ்சம்னு போடணும்."

"எப்ப நிறுத்தணும், அக்கா?"

"கையால இலைய மறைப்பாங்க. அதுக்கப்புறமும் ஒரு கரண்டி போடு."

"எல்லாருக்குமா?"

"வீட்டு ஆளுக்கு எதுக்கு? பானை எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

பிறகு ஒருத்தர் வந்தார். சென்னைக்காரர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. சர்ச்சில் அவளுக்குப் பழக்கம். எழுத்தும் இலக்கணமும் நான் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். அவள் சமையலறைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் எல்லாவற்றுக்கும் 'சார் சொன்னாங்க'தான்.

ஊரிலிருந்து எனக்கு அப்பளம் வந்தது. நான் எழுத்துக்கூட்டுவதற்குள் அவள் கட்டின் மேலிருந்ததை வாசித்து முடித்துவிட்டாள். நன்றாகத்தான் வாசித்தாள். அவர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு எரிந்தது அதனால்தான்.

ஒருநாள் அவரே வந்து கதவோரம் நின்றார்.

"அக்கா, நல்ல அஸ்திவாரம் போட்டிருக்கீங்க. இனிமே கிராமரை நான் பார்த்துக்கறேன்."

"பாருங்க, தம்பி" என்றேன்.

மண்ணுக்குள் போனது என்னுடையது. மேலே தெரிகிற வீடு அவருடையது. அவள் ஊரில் இறங்கி வாயைத் திறந்ததும் யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்பார்கள். யாரைச் சொல்வாள்? என் மனசில் கிடந்தது அது ஒன்றுதான். அவளிடம் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற சொல்லா அது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு எங்கள் இரண்டு பேரையும் நர்ஸ் விடுதிக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவளே சமைத்திருந்தாள். புளி கிடைக்கவில்லை. ரசத்தில் வினிகர். நான் கொடுத்த அப்பளத்தைப் பொரித்து வைத்திருந்தாள். சார் பக்கத்தில் நின்றுதான் பரிமாறினாள்.

"போதும்மா, வேண்டாம்" என்றார் அவர்.

"சும்மா இருங்க, சார்! குருவி மாதிரி கொறிக்கிறீங்க!"

"ஐயோ, நிஜமாவே போதும்." தட்டைக் கையால் மறைத்தார்.

"கைய எடுங்க. எடுக்கலன்னா கை மேலயே போடுவேன்."

போட்டாள். அவர் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார். அத்தனையும் என் பேச்சு. அந்த இழுப்புகூட என்னுடையது. என்னிடம் வாங்கி அவர் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து என்னிடம் வந்தாள். "சோறு, அக்கா?"

"வேண்டாம்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். பானையை மூடி அடுப்பில் வைத்துவிட்டாள்.

எனக்குப் பசி. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்தான் கேட்டார். "என்னம்மா, அக்காவை ஒரு தடவையோட விட்டுட்டே?"

"அக்கா என்ன விருந்தாளியா, சார்? பானை எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

"இது யார் சொல்லிக் குடுத்தது?"

"அக்காதான்." ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எழுந்து போனேன். மூடியைத் திறந்து நானே போட்டுக்கொண்டேன். நிறையவே போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பார்த்தேன். உடையாத அப்பளம் அவர் தட்டில் இருந்தது. எனக்கு வைத்திருந்தது உடைந்த ஒன்று. அதுவும் என் ஊர் அப்பளம்.